தொந்தரவு

"சிறுவயதில் விலங்குகளை" என்று தொடங்கி
டாக்டர் குவா ஆங்கிலத்தில் வைத்த சொல்லுக்கு
தமிழில் என்னிடம் மூன்று இருந்தன.
வதை. கொடுமை. சித்திரவதை.
நான் நான்காவதை எடுத்தேன்.
"சின்ன வயசுல பூனை, நாய் எதையாச்சும்
தொந்தரவு பண்ணியிருக்கானா?"

லோகா அக்கா கைப்பையின் ஜிப்பை
இழுத்து மூடினார், திறந்தார்.
"இல்லம்மா. பூனைன்னா அவனுக்கு உசுரு."

பெயர்த்துச் சொன்னேன்:
பூனைகளை அவன் மிகவும் நேசித்தான்.
உசுரு மட்டும் ஆங்கிலத்துக்குள் போகவில்லை,
என் நாக்கடியில் கிடந்தது.

கோப்பில் இருந்த பெயர் எனக்குப் பழக்கமில்லை.
விமலேந்திரன், தபெ மருதப்பன், முப்பத்து நான்கு வயது.
பூன் லேயில் எங்கள் வரிசைக்கே அவன் அப்பு.
கதவைத் தள்ளிக்கொண்டு அவன் அம்மா வந்தபோதுதான்
அவர் பின்னால் ஒன்பதாம் மாடி முழுவதும் வந்தது:
துணி சொட்டும் மூங்கில் கழிகள்,
யாரோ வறுக்கும் பிளாச்சான் வாடை,
வரிசையின் கோடியில் எல்லாருக்கும் பொதுவான
குப்பைக்குழாயின் இரும்பு மூடி.

அவனுக்கு ஒன்பது. எனக்குப் பன்னிரண்டு.
டிசம்பர் விடுமுறை, பகல் மழை.
அட்டைப்பெட்டியில் கண் திறக்காத மூன்று.
"அக்கா, கனமா இருக்கு, பிடிச்சுக்கோ" என்றான்.
மூடியைத்தான் சொன்னான்.
பிடித்தேன்.

ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினான்,
கீழே போய்ச் சேரும்வரை.
குனிந்தபோது சட்டை மேலேறியது.
முதுகில் பெல்ட்டின் கொக்கி
இரண்டு இடத்தில் அச்சாகப் பதிந்திருந்தது.
இரண்டாவதற்கு நானும் கூடவே எண்ணினேன்.
மூன்றாவதற்கு முன்
கை வலிக்கிறது என்று விட்டுவிட்டேன்.
அவன் மூடியை முழங்காலால் தாங்கிக்கொண்டான்.

அதே புளோக்கில்
ரப்பர் பேண்டால் பல்லி அடித்த சுல்கிஃப்லி
இன்று பஸ் ஓட்டுகிறான்,
வயதானவர்கள் உட்காரும்வரை வண்டியை எடுப்பதில்லை.
மூடி பிடித்தவள்
உறுதிமொழி எடுத்துவிட்டு மொழிபெயர்க்கிறாள்.
ஆகவே நேர்கோடு என்று நான் எதையும் சொல்ல வரவில்லை.

ஆனால் அவன் மனைவி பிரமிளா
பதினொரு நாளாகக் கண் விழிக்கவில்லை.
சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த திருவாட்டி சியோ
தான் கேட்டதைச் சொல்லியிருக்கிறார்:
அடிக்கு அடி அவன் ஏதோ சொன்னானாம், கத்தாமல்,
பொறுமையாக.
காதில் விழுந்ததை அப்படியே எழுத்துக்கூட்டி
ஓரத்தில் கேட்டிருந்தார்கள்: பொருள் என்ன?
நேற்று மாலை, யாரென்று தெரியாமலே,
பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்:
ஒன்று, இரண்டு, மூன்று.

வெளியே, மைலோ விற்கும் இயந்திரத்தின் முன்
லோகா அக்கா சில்லறை தேடினார்.
ஒரு வெள்ளி நீட்டினேன்.
வாங்கிக்கொண்டு, பொத்தான்களைப் பார்த்தபடியே சொன்னார்:
"அன்னிக்கு நான் சன்னல்ல நின்னேன்.
மூடியைப் பிடிச்சிருந்தது நீதானே."

கோப்பை விழுந்தது. கொஞ்சம் சாய்வாக.

"உன்னையும் சேர்த்துத்தான்
இல்லைன்னு சொன்னேன்."

என் பையில் ஒரு படிவம் உண்டு,
சம்பந்தப்பட்டவரை முன்பே அறிந்தவர்கள் நிரப்புவது.
'விவரம்' என்ற இடத்தில் இரண்டே கோடுகள்.
திரும்பிப் பார்த்தேன்.
டாக்டரின் அறைக் கதவு
தானாகவே மெல்ல மூடும் வகை,
இன்னும் ஒரு சாண் பாக்கி.
கையை வைத்தேன்.
கனமாகத்தான் இருந்தது.